ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி: செல்வநாயகத்தை முன்வைத்துச் சில வழிமுறைகள்

யாழ்ப்பாணத்தில் ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவருக்கு முதலில் கைகொடுப்பதும் முதலில் காலை வாரிவிடுவதும் நினைவு மலர்தான். அந்தியேட்டியன்று வெளியிடும் 'கல்வெட்டு' என்ற நினைவு நூல், நூற்றாண்டு மலர், கல்லூரி ஆண்டு மலர், கட்சி மாநாட்டு மலர் என்று எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் நாலைந்து கிடைக்கும். பெற்றோர், படித்த பாடசாலை, மணம் முடித்த ஆண்டு போன்றவற்றுக்கு அவற்றை விட்டால் பெரும்பாலும் வேறு கதியில்லை. ஆனால் இறந்தவரை வாழ்த்துவதற்காக எழுதப்பட்ட பக்கங்களில் அவர் பிழைவிட்ட நாள் ஒன்றுகூட இராது. எதிர்க்கட்சிக்காரரின் துண்டுப்பிரசுரங்களில் அவர் சரியாகச் செய்த நாள் ஒன்றுகூட இராது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மனிதரின் எண்பது ஆண்டுகளை எவ்வாறு நிரைப்படுத்துவது என்பதையே இங்கு சொல்ல முனைகிறேன். எடுத்துக்காட்டாக, இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவியவரும் பின்னாளில் 'தந்தை செல்வா' என்று அழைக்கப்பட்டவருமான சா. ஜே. வே. செல்வநாயகத்தை எடுத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றித் தமக்கு எல்லாம் தெரியும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதனாலேயே அவர் நல்ல பயிற்சிக் களம்.

என்னுடைய பிழையொன்றிலிருந்து தொடங்குவது நியாயம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை மலருக்கு எழுதிக்கொடுத்த கட்டுரையில், "தெல்லிப்பழையில் பிறந்த செல்வநாயகம்" என்று எழுதினேன். நான் பார்த்த இரண்டு மலர்களிலும் அப்படித்தான் இருந்தது. இரண்டு சாட்சிகள் போதும் என்று எண்ணிவிட்டேன். மலர் வெளிவந்த அடுத்த வாரம், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதி அனுப்பினார்: "தம்பி, ஈப்போ தெல்லிப்பழையில் எந்தப் பக்கம்?" செல்வநாயகம் பிறந்தது 1898 மார்ச் 31 அன்று, மலாயாவின் ஈப்போவில். நாலு வயதளவிலேயே தெல்லிப்பழைக்கு வந்தார். மலாயாவுக்கு உழைக்கப் போன யாழ்ப்பாணக் குடும்பங்களின் பெரிய கதையில் அவருடைய பிறப்பும் ஒரு வரி. "தெல்லிப்பழையில் பிறந்த" என்று எழுதும்போது அந்தக் கதை முழுவதும் விழுந்துவிடுகிறது. இரண்டு மலர்கள் ஒரே செய்தியைச் சொன்னால் இரண்டு சாட்சிகள் என்று பொருளில்லை. பின்னது முன்னதைப் பார்த்து எழுதியது என்பதே பெரும்பாலும் பொருள்.

நாட்களை நிரைப்படுத்துதல்

முதலில் பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்குங்கள். கணினியில் அட்டவணை போடுகிறவர்கள் போடலாம். ஆனால் வெறும் பக்கம் கண்ணை உறுத்துவதுபோல வெறும் கட்டம் உறுத்துவதில்லை என்பது என் அனுபவம். கொப்பியை விரித்தால் தெரியும் இரண்டு பக்கங்களை ஓர் ஆண்டுக்கு ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் அந்த மனிதர் என்ன செய்தார், வலப்பக்கத்தில் நாட்டில் என்ன நடந்தது. 1898 முதல் 1977 வரை எண்பது விரிப்புகள் வரும். செய்தி கிடைக்கக் கிடைக்க எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சுருக்கமாகக் குறியுங்கள். ஓரக்குறிப்பு இல்லாத வரியை மூன்று மாதம் கழித்து நீங்களே நம்பமாட்டீர்கள்.

சில வாரங்களில் கொப்பி தன் குறையைத் தானே காட்டத் தொடங்கும். செல்வநாயகத்தின் கொப்பியில் தொடக்கம் நன்றாக நிறையும்: தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, கொழும்பு புனித தோமையர் கல்லூரி, 1918இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டம், ஆசிரியப் பணி, பின்னர் சட்டம். 1947இலிருந்து ஒவ்வொரு விரிப்பும் நிரம்பி வழியும். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ வெறுமை. 1927இல் எமிலி கிரேஸ் பார் குமாரகுலசிங்கத்தை மணந்தார் என்ற வரியும், வழக்கறிஞராக இருந்தார் என்ற பொதுவான வாக்கியமும் மட்டுமே நிற்கும். பெரும்பாலான கட்டுரைகள் இந்த இருபது ஆண்டுகளை, "சட்டத்துறையில் கொடிகட்டிப் பறந்தார்" என்ற ஒரு தொடரால் தாண்டிவிடுகின்றன. அங்கேதான் நீங்கள் நிற்கவேண்டும். அவர் குற்றவியல் வழக்குகளில் குறுக்கு விசாரணை செய்து பெயர் வாங்கியவர் அல்லர்; கொழும்பில் குடியியல் வழக்குகளை நடத்தியவர், உறுதிகளையும் உடன்படிக்கைகளையும் சொல் சொல்லாகப் படித்துப் பழகியவர், 1947இல் இராணி அப்புக்காத்துக்கு (மூத்த வழக்கறிஞருக்கு) அன்று நிகரான 'கிங்ஸ் கவுன்சல்' பட்டம் பெற்றவர். நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குப் போன ஒருவர், பின்னாளில் மேடைப் பேச்சைவிட எழுத்து மூலமான ஒப்பந்தங்களை ஏன் அதிகம் நம்பினார் என்ற கேள்விக்கு விடை அந்த வெறும் பக்கங்களில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

நாட்களைக் குறிக்கும்போது நம்மூர் மாதப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ஜனவரியைத் தை என்றும் ஏப்ரலைச் சித்திரை என்றும் எழுதுவது நெடுங்கால வழக்கம். அதே எழுத்தாளரே கோயில் காரியம் என்று வந்தால் பஞ்சாங்கத்துச் சித்திரையை எழுதுவார். ஆகவே "சித்திரை 26" என்று ஒரு மலரில் கண்டால் அது ஏப்ரல் 26 ஆகவும் இருக்கலாம், மே மாதத்தின் இரண்டாம் வாரமாகவும் இருக்கலாம். பக்கத்தில் கிழமை கொடுக்கப்பட்டிருந்தால் தப்பினீர்கள். செல்வநாயகம் காலமான 1977 ஏப்ரல் 26 ஒரு செவ்வாய்க்கிழமை. காலிமுகத்திடல் சத்தியாக்கிரகம் நடந்த 1956 ஜூன் 5உம் செவ்வாய். யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்க அதிபர் பணிமனை) முன் சத்தியாக்கிரகம் தொடங்கிய 1961 பெப்ரவரி 20 திங்கள். கிழமையும் திகதியும் ஒத்துவராவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். "1960ஆம் ஆண்டுத் தேர்தல்" என்று எழுதியிருந்தாலும் கேள்விக்குறிதான். அந்த ஆண்டில் மார்ச்சில் ஒன்று, ஜூலையில் ஒன்று என இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. தமிழரசுக் கட்சி முதலாவதில் 15 ஆசனங்களையும் இரண்டாவதில் 16 ஆசனங்களையும் வென்றது.

பெயர்கள் அடுத்த தலையிடி. நூலகப் பட்டியல்களில் எஸ். ஜே. வி., சா. ஜே. வே., தந்தை செல்வா என மூன்று பெயரிலும் தேடவேண்டும். தேடும்போது பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் வி. செல்வநாயகமும் இடையில் வந்து நிற்பார். பொன்னம்பலங்களோ இன்னும் மோசம். 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலம் வேறு, 1975 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட வீ. பொன்னம்பலம் வேறு, சேர். பொன்னம்பலம் இராமநாதன் முற்றிலும் வேறு தலைமுறை. ஒவ்வொருவருக்கும் தனி மட்டை வைத்துக்கொள்ளாத எழுத்தாளர் என்றோ ஒருநாள் ஒருவருடைய பேச்சை மற்றவர் வாயில் வைத்துவிடுவார்.

அன்று தெரிந்ததை மட்டும்

நான் சொல்லவருவதில் முக்கியமானது இதுதான். ஒவ்வொரு நாளையும் அந்த நாளில் தெரிந்திருந்ததை மட்டும் வைத்து எழுதுங்கள். எங்கள் வரலாறுகளில் செல்வநாயகம் ஈப்போவில் பிறக்கும்போதே தந்தையாகப் பிறந்துவிடுகிறார். 1949இல் கட்சி தொடங்கும்போதே 1976இன் தனிநாட்டுத் தீர்மானத்தைக் கண்டுவிடுகிறார். எந்த ஆண்டை எழுதுகிறீர்களோ அந்த ஆண்டில் அவரை மக்கள் எப்படி அழைத்தார்களோ அப்படியே அழையுங்கள். 1947இல் அவர் காங்கேசன்துறை உறுப்பினர், தமிழ்க் காங்கிரஸ்காரர், கொழும்பில் பெயர்பெற்ற அப்புக்காத்து, அவ்வளவுதான். மரியாதை குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர் தந்தை ஆன வழியைக் காட்டுவதற்குத்தானே வரலாறு எழுதுகிறோம்.

இந்த விதியைப் பரிசோதிக்க ஏற்ற ஆண்டு 1952. அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் செல்வநாயகம் தம் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். அவருடைய புதிய கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள்: கோப்பாயில் கு. வன்னியசிங்கம், திருகோணமலையில் இராஜவரோதயம். மலர்கள் இதை ஒரு வரியில் தாண்டும். தாண்டாதவை "மக்கள் அன்று உணரவில்லை" என்று வாக்காளரைக் கடிந்துகொள்ளும். நீங்கள் இரண்டையும் செய்யாதீர்கள். 1952இல் காங்கேசன்துறையில் வாக்களிக்கப் போன ஒருவரின் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று கேளுங்கள். அவர் வீட்டுக்கு எட்டிய தூரத்தில், 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி நின்றது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். அமைச்சரவையில் ஒரு தமிழர் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்தப் புகைபோக்கியைவிட வேறு விளம்பரம் வேண்டியதில்லை. மறுபக்கத்தில், சமஷ்டி (கூட்டாட்சி) என்ற புதிய சொல்லையும் மலையகத் தொழிலாளரின் குடியுரிமையையும் முன்வைத்து, பெரிய குரல் இல்லாத ஒரு வழக்கறிஞர் வாக்குக் கேட்டார். சைவர் பெரும்பான்மையாக வாழ்ந்த தொகுதியில் அவர் கிறிஸ்தவர். எதிரே நின்ற நடேசன் இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரியோடு சேர்த்துப் பேசப்பட்டவர். இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் 1952 ஒரு புதிராக இராது. அதை எழுதாமல் விட்டால், நாலே ஆண்டுகளில் அதே கட்சி பத்து ஆசனங்களை வென்றதற்குத் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களக் கோஷம் எவ்வளவு பெரிய காரணம் என்பதையும் உங்களால் அளந்து காட்ட முடியாது.

இரண்டாவது பரிசோதனை குடியுரிமை பற்றியது. "பொன்னம்பலம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்க வாக்களித்தார், செல்வநாயகம் அதனால் பிரிந்தார்" என்ற ஒற்றை வாக்கியம் மேடைகளில் எழுபது ஆண்டுகளாக ஓடுகிறது. கொப்பியில் அது அப்படியே இறங்காது. சட்டம் ஒன்றல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் அதை எதிர்த்தது. பொன்னம்பலமும் எதிர்த்தே வாக்களித்தார். செப்டெம்பரில் அவர் அரசாங்கத்தில் சேர்ந்தார். அதன்பின் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தையே, அதாவது 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தையே, அவர் அரசாங்கத்தோடு நின்று ஆதரித்தார். செல்வநாயகம், வன்னியசிங்கம், செனட்டர் நாகநாதன் ஆகியோர் பிரிந்து சென்று 1949 டிசெம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். ஒரு மாத இடைவெளி ஒரு மனிதரைத் துரோகியாக்குவதற்கும் சந்தர்ப்பவாதியாக்குவதற்கும் நடுவிலுள்ள வேறுபாடு என்றால், வரலாறு எழுதுகிறவருக்கு அந்த மாதம் முக்கியம். உங்கள் நாயகனின் எதிராளிக்கும் நீதி செய்யுங்கள். அப்போதுதான் நாயகனின் முடிவுக்கு எடை வரும்.

மூலத்தைப் படித்தல்

அந்தக் கட்சியின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தமிழில் அது தமிழரசுக் கட்சி. ஆங்கிலத்தில் அது பெடரல் பார்ட்டி, அதாவது சமஷ்டிக் கட்சி. ஒரே கட்சி தமிழ் வாசகருக்கு அரசு என்ற சொல்லையும் ஆங்கில வாசகருக்குக் கூட்டாட்சி என்ற சொல்லையும் கொடுத்தது. நீங்கள் எந்த மொழி ஆவணத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளாவிட்டால், அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலிருந்த தூரம் உங்கள் எழுத்தில் காணாமற் போய்விடும். நான் கூடியவரை அந்தந்த ஆவணத்தில் உள்ள சொல்லையே வைத்துக்கொள்கிறேன். மொழிபெயர்த்தால் அது என் மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிடுகிறேன்.

1957 ஜூலை 26இன் பண்டா–செல்வா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அது நீளமான ஆவணமன்று. ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். சமஷ்டி அரசியலமைப்பைப் பற்றியோ, ஆட்சிமொழிச் சட்டத்தை நீக்குவது பற்றியோ தம்மால் பேச முடியாது என்று பிரதமர் பண்டாரநாயக்க தெளிவாக்கியதை அந்த ஆவணமே பதிவு செய்கிறது. அதாவது, தம் கட்சியின் ஆங்கிலப் பெயரிலேயே உள்ள கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் செல்வநாயகம் கையெழுத்திட்டார். அதற்குப் பதிலாகக் கிடைத்தவை: வடமாகாணம் ஒரு பிராந்தியம், கிழக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ பிராந்தியங்கள், மாகாண எல்லையைக் கடந்தும் பிராந்தியங்கள் இணைய இடம், தேசிய சிறுபான்மையினரின் மொழியாகத் தமிழுக்கு ஏற்பு, வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம். கட்சியும் திட்டமிட்டிருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட இணங்கியது. இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, அடுத்த பக்கத்தில், டட்லி சேனநாயக்கவோடு செய்த 1965 மார்ச் 24இன் டட்லி–செல்வா ஒப்பந்தத்தின் வாசகங்களை எழுதுங்கள். பிராந்திய சபை மாவட்ட சபையாகச் சுருங்கியதும், காணிப் பங்கீட்டில் முன்னுரிமை வரிசை விரிவாக எழுதப்பட்டதும் கண்ணுக்கு நேரே தெரியும். முதலாவது ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. இரண்டாவது நிறைவேற்றப்படாமலே கரைந்தது. எட்டு ஆண்டுகளில் ஒரு மனிதர் எவ்வளவு குறைத்துக் கேட்கத் தயாரானார் என்பதை உங்கள் அடைமொழி எதுவும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

பாராளுமன்றப் பேச்சுகளுக்கு ஹன்சார்ட் என்ற அதிகாரபூர்வப் பதிவேடு இருக்கிறது. அதில் செல்வநாயகம் ஆங்கிலத்திலேயே பேசுகிறார் என்பதை மறவாதீர்கள். மேடையில் தமிழில் பேசியதாகப் பத்திரிகைகளில் வரும் பேச்சில் செய்தியாளரின் நடையும் கலந்திருக்கும். அவர் மெல்லிய குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர். ஆகவே அடுக்குமொழியில் அவர் முழங்கியதாக ஒரு செய்தி வந்தால் அந்த முழக்கம் யாருடையது என்று ஒருமுறை யோசியுங்கள். 1947இல் அவரே தொடங்கிய 'சுதந்திரன்' கட்சியின் குரல். அதை 'வீரகேசரி', 'தினகரன்' ஆகியவற்றோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். சுன்னாகத்திலிருந்து 1930 முதல் 1958 வரை வெளிவந்த 'ஈழகேசரி' குடாநாட்டின் அன்றாடத்தை அறிய நல்லது. 1959க்குப் பின் 'ஈழநாடு'.

இவற்றை எங்கே பார்ப்பது என்பது யாழ்ப்பாணத்தில் வெறும் முகவரிக் கேள்வியாக இருப்பதில்லை. 1981 மே 31 இரவும் ஜூன் 1உம் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஆகவே பழைய பத்திரிகைக்கு முதலில் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். அடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம். முழுக் கோவை வேண்டுமானால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். ஊர்ச் சனசமூக நிலையங்களின் பரணையும் ஒருமுறை பார்க்கத் தகும். போகும்போது எந்த ஆண்டு, எந்த மாதம் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். "செல்வநாயகத்தைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் திரும்பவும் அதே நினைவு மலர்தான் கைக்கு வரும்.

தேர்தல் எண்களைக் கையாளும்போது எல்லை நிர்ணயத்தை மறவாதீர்கள். உடுவில், நல்லூர், உடுப்பிட்டி போன்ற தொகுதிகள் 1960 மார்ச் தேர்தலில்தான் முதன்முதலாக வந்தன. ஆகவே 1956இன் காங்கேசன்துறையும் 1965இன் காங்கேசன்துறையும் பெயரில் ஒன்று, நிலத்தில் ஒன்றல்ல.

ஆட்களிடம் கேட்டல்

1961இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆதலால் ஆவணங்களைப் பின்னுக்குத் தள்ளியாவது ஆட்களை முதலில் பாருங்கள். ஹன்சார்ட் அடுத்த ஆண்டும் இருக்கும். ஆனால் தலைவரைப் பற்றி நேரடியாகக் கேட்காதீர்கள். "ஐயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் மலரில் உள்ளதே வாயிலும் வரும். அவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

அளவெட்டிப் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் கச்சேரிச் சத்தியாக்கிரகத்தைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். விறாந்தையில் பாய் போட்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். ஆண்டு அவருக்கு நினைவில்லை, மாதமும் இல்லை. "அண்டைக்கு வீட்டில என்ன சமைச்சனீங்கள் அம்மா?" என்று கேட்டேன். கை நின்றது. "பங்குனித் திங்களெல்லே தம்பி. விடியப் பொங்கிப்போட்டு, அந்தப் பொங்கலையும் கட்டிக்கொண்டு நேரே கச்சேரியடிக்குப் போனனாங்கள். பெரியவரை நான் காணேல்லை. எனக்கு முன்னால இருந்தவவின்ர கொண்டையைத்தான் நாள் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனான்." பெப்ரவரி 20 தொடங்கி, ஏப்ரல் 14 அன்று தமிழரசுத் தபாற்சேவை நடத்தப்பட்டு, ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டத்தோடு முடிந்த அந்தப் போராட்டத்துள் பங்குனித் திங்கள்கள் அத்தனையும் அடங்கும். அவர் சொன்ன நாள் பஞ்சாங்கத்தோடு பொருந்தியது. தலைவரைக் காணவில்லை என்று சொன்னதால் மற்றவற்றையும் நம்பினேன். பெரியவரோடு பக்கத்தில் இருந்து பேசியதாகச் சொல்லும் பலரைவிட, அந்தக் கொண்டை என் கட்டுரைக்குப் பயன்பட்டது.

நம்மூரில் ஆட்கள் நாளை நினைவில் வைப்பது நல்லூர்க் கொடியேற்றம், மாவிட்டபுரம் தேர், பொயிலை நடுகை, பெரிய வெள்ளம் என்பவற்றால்தான். அந்த அளவுகோலையே கொடுத்துக் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். திரும்பி வந்த அன்றிரவே எழுதி முடியுங்கள்.

சங்கடமான பக்கங்கள்

கொப்பியில் 1968க்குரிய விரிப்பை எத்தனை பேர் நிரப்புகிறார்கள் என்று பார்த்தால் ஒரு வரலாற்றின் நேர்மை தெரிந்துவிடும். அந்த ஆண்டு செப்டெம்பரில், திருகோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய மு. திருச்செல்வம் அமைத்த குழுவைப் பிரதமர் தடுத்ததால் திருச்செல்வம் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1965இலிருந்து டட்லியின் அரசாங்கத்தில் பங்கேற்றிருந்த தமிழரசுக் கட்சியும் அதை விட்டு வெளியேறியது. இதைப் பலரும் எழுதுவார்கள். அதே 1968இல், செல்வநாயகத்தின் தொகுதிக்குள்ளேயே உள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக உரிமை கேட்டுப் போராடினார்கள், செ. சுந்தரலிங்கம் அதை எதிர்த்து வாசலில் நின்றார். இதை மிகச் சிலரே எழுதுவார்கள். ஒரு கோயிலின் சூழலுக்காக அரசாங்கத்தை விட்ட கட்சி மற்றக் கோயிலின் வாசலில் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை நாளிதழ்களிலிருந்து எடுத்து, வலியாமலும் மறையாமலும் வையுங்கள். தீர்ப்பை வாசகர் சொல்லட்டும். எனக்கு ஒரு கருத்து உண்டு: சாதி பற்றிய அத்தியாயம் இல்லாத யாழ்ப்பாணத் தலைவர் வரலாறு அரைவாசி வரலாறு.

ஊரில் எல்லோர் வாயிலும் உள்ள மேற்கோள்களும் இந்த வகையில்தான் சேரும். "தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று செல்வநாயகம் சொன்னதாகச் சொல்லாத மேடை இல்லை. அதை இயலாமை என்பவரும் உண்டு, தீர்க்கதரிசனம் என்பவரும் உண்டு. எந்த நாள், எந்தக் கூட்டம், எந்த மொழி, எந்தப் பத்திரிகையின் எந்த இதழ் என்பன கையில் இல்லாமல் அதை மேற்கோள் குறிக்குள் வைக்காதீர்கள். "என்று மக்களிடையே வழங்குகிறது" என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

உடல்நிலை பற்றியும் நாணாமல் எழுதுங்கள். பிற்காலத்தில் அவர் பாக்கின்சன் நோயால் வருந்தினார். 1972 அரசியலமைப்பை எதிர்த்து அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று பாராளுமன்றப் பதவியைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்போம் என்றபோதும் அவர் முதியவர், நோயாளி. இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6 அன்றுதான் நடத்தியது. அவர் 25,927 வாக்குகளும் வீ. பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றார்கள். வெற்றியை எழுதிவிட்டு அந்த 9,457 பேரை விட்டுவிடாதீர்கள். அவ்வளவு உணர்ச்சி மிகுந்த தேர்தலிலும் மாற்றி வாக்களித்தவர்கள் யார், எந்தக் கிராமங்களில் இருந்தவர்கள் என்ற தேடல் உங்களை மறுபடியும் மாவிட்டபுரம் பக்கம் கொண்டுபோய் விடலாம்.

தனிநாடு கோரிய 1976 மே 14இன் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை எழுதும்போது, மாநாடு நடந்த இடம் வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகம் என்பதையும் குறியுங்கள். அதன் வாசகத்தைப் படித்த கையோடு 1949இன் பக்கத்துக்குத் திரும்பி, அங்கே உங்களை அறியாமல் தனிநாடு பற்றிய நிழல் எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து அழித்துவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாக்கியங்களையாவது வெட்டவேண்டி வந்திருக்கிறது.

எழுதி முடித்த பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள்: ஒருவர் அந்தத் தலைவரை வணங்குகிறவராகவும் மற்றவர் அவரை மன்னிக்காதவராகவும் இருக்கட்டும். கருத்துக் கேட்காதீர்கள், பிழையான நாளையும் பெயரையும் மட்டும் சிவப்புப் பேனையால் சுழிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒரே இடத்தைச் சுழித்தால் உடனே திருத்துங்கள். ஒருவர் மட்டும் சுழித்த இடத்துக்கு மூலத்தைத் திரும்பவும் எடுத்துப் பாருங்கள்.

கடைசி விரிப்பில் 1977 ஏப்ரல் 26க்குக் கீழே கோடு போடுங்கள். அதே ஆண்டு ஜூலை 21 பொதுத்தேர்தலில், தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. காங்கேசன்துறையில் அமிர்தலிங்கம் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த முடிவைச் செல்வநாயகத்தின் கொப்பியில் எழுதத் தூண்டும்; அதற்கு அமிர்தலிங்கத்தின் பெயரில் வேறு கொப்பி வாங்குங்கள்.